மழை, பிரசங்கம், ஜெபம்

பிப்ரவரி 22, புதன்

இன்று சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன. இந்த டைரி டிசம்பர் கடைசியிலிருந்து மேசைமேல் பிரிக்காமல் கிடந்தது. சபை அலுவலகத்தில் என் வீட்டுக்காரர் போன வருஷமே பெயர் கொடுத்து வைத்திருந்தாராம். கோவிலில் மணி அடிக்கிறவர் கொண்டுவந்து நீட்டினார். "சாரு பேரு லிஸ்ட்ல இருந்துச்சு டீச்சர், அதான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். ஆள் போய் ஐந்து மாதம் கழித்து டைரி வருகிறது. வாங்கி வைத்தேன்.

என் வீட்டுக்காரர் ஜோதிமணி முப்பத்தாறு வருஷம் டைரி எழுதினார். வாரநாளில் மழை உண்டா இல்லையா என்று ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று: மழை, பிரசங்கம் யார், சபை ஜெபம் யார். அவ்வளவுதான். "நம்ம கல்யாண நாளைக்காவது ரெண்டு வரி எழுதப்பிடாதா?" என்று கேட்டால், "மழை பெஞ்சுதுன்னு எழுதிருக்கேனே" என்பார்.

நான் கிருபாவதி, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அவர் எழுத வேண்டிய டைரியில் நான் எழுதுகிறேன். இன்று கோவிலுக்குப் போகவில்லை. ஏழு மாதமாகப் போவதில்லை. நற்கருணை எடுத்தும் ஏழு மாதம் ஆகிறது. காரணம் ஊருக்கே தெரியும்.

போன ஜூலை பதினேழு, ஞாயிறு, விடியற்காலம் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவர் இறந்தார். வேனில் கொண்டுவந்தோம். எங்கள் தெருவில் வேன் திரும்பும்போது கோவிலில் அறிவிப்பு நேரம். கோபுரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் ஊர் முழுக்கக் கேட்கும். நன்மைக்கு நன்றியாகப் போடும் ஸ்தோத்திர காணிக்கைகளைச் சபைப் போதகரான ஐயர் வாசித்துக்கொண்டிருந்தார். இன்னாருக்குக் குழந்தை பிறந்ததற்காக, இன்னாருக்கு வேலை கிடைத்ததற்காக. அப்புறம், "ஜோதிமணி சார் பூரண சுகமடைந்ததற்காக, எப்சிபா, ஸ்தோத்திர காணிக்கை."

நான் வேனுக்குள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

எப்சிபா அப்போது எங்கள் பெண்கள் சங்கத்துச் செயலாளர். முறுக்கு சுற்றி விற்கிறவள். நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவளாக விசுவாசம் என்ற பெயரில் முந்திரிக்கொட்டை மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

பிப்ரவரி 23, வியாழன்

ஐயரம்மா வந்தாள். சின்னப் பெண், மதுரைப் பக்கம், ஐயரைக் கட்டிப் புதிதாக இந்த ஊருக்கு வந்தவள். எப்சிபாவும் கூட வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

வியாழக்கிழமைதோறும் சங்கத்துப் பெண்கள் படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டிவிடப் போகிறார்கள். தலை அலசி, நகம் வெட்டி, விரிப்பு மாற்றி, ஒரு பாட்டு, ஒரு ஜெபம். தையல்கார செல்வராணி மாடிப்படியில் விழுந்து இரண்டு வருஷமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் அண்ணன் வீட்டில் கிடக்கிறாள். முதுகில் புண் வரத் தொடங்கியிருக்கிறதாம்.

"உங்க வீட்டுல ஒரு சக்கர நாற்காலி இருக்குன்னு சொன்னாங்க டீச்சர். கொஞ்ச நேரம் உக்கார வச்சாலே புண்ணு ஆறும்."

இருக்கிறது. ஜூலையில் வாங்கியது. உறைகூடப் பிரிக்கவில்லை. "தாரேன். ஆனா நானே கொண்டுவந்து மாட்டித் தாரேன். பிரேக் இறுக்கமா இருக்கும், உங்களுக்குத் தெரியாது" என்றேன். நாற்காலி எதற்காக வாங்கினேன் என்று அவள் கேட்கவில்லை.

மார்ச் 2, வியாழன்

போனேன். பிரேக்கை மாட்டிவிட்டுத் திரும்பலாம் என்றுதான் போனேன்.

தலை அலசுவதற்கு எப்சிபா ஒரு வழி வைத்திருக்கிறாள். பெரிய பிளாஸ்டிக் தாளின் இரண்டு ஓரத்தையும் சுருட்டி, வாய்க்கால் மாதிரி ஆக்கி, கழுத்துக்குக் கீழே கொடுத்து, மறுமுனையை வாளிக்குள் விடுகிறாள். ஒரு சொட்டு மெத்தையில் விழவில்லை. நான் குறை கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன், அகப்படவில்லை. தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டியிருந்தது. செம்பு என் கைக்கு வந்தது.

செல்வராணி கண்ணைத் திறந்து தலைகீழாக என்னைப் பார்த்தாள்.

"ஏ ஆத்தீ, கணக்கு டீச்சரா? பத்தாங் கிளாஸ்ல என் காதப் பிடிச்சுத் திருகுனது ஞாபகம் இருக்கா? இன்னைக்கு அந்தக் காதக் கழுவுதீய!"

"அப்பவே அழுக்காத்தான் இருந்துச்சு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் உதடு பிரிந்திருக்க வேண்டும்.

பாட்டு முடிந்து ஜெபத்துக்கு வந்ததும் எப்சிபா வாளியைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்குப் போய்விட்டாள். "எப்சியக்கா ஜெபம் பண்ண மாட்டாளா? முன்னால அவதான பண்ணுவா" என்று செல்வராணி கேட்டாள். சங்கத்தில் மூத்தவள் கமலபாய் குரலைத் தாழ்த்தி, "அவ வாயத் தொறந்தா என்ன ஆகும்னு பாத்தோம்லா" என்றாள். ஜூலைக்குப் பிறகு அவளைச் செயலாளர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜெபத்துக்கும் கூப்பிடுவதில்லை. ஐயரம்மா புதிது, அவளுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது, ஆனாலும் தானே ஜெபித்து முடித்தாள்.

எனக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. வீட்டுக்கு வந்து துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

மார்ச் 5, ஞாயிறு

மழை இல்லை. பிரசங்கம் குழாயில் கேட்டது, ஜன்னலை மூடவில்லை.

மார்ச் 9, வியாழன்

கமலபாய்க்கு உறவில் ஒரு கல்யாணம். ஐயரம்மாவுக்குக் காய்ச்சல். நானும் எப்சிபாவும் மட்டும். வழியெல்லாம் நான் முன்னால் நடக்க, அவள் பத்தடி பின்னால் வந்தாள்.

ஒரு மனுஷியை இரண்டு பேர் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது சாதாரணம் இல்லை. பேசாமல் செய்ய முடியாது. "நீங்க அக்குளுக்குக் கீழ பிடிங்க. நான் மூணு சொல்லும்போது தூக்கணும்." "மூணு சொல்லும்போதா, சொன்ன பிறகா?" "கணக்கு டீச்சர் சந்தேகமா? மூணோட." தூக்கினோம். அவள் கையும் என் கையும் செல்வராணியின் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டன. ஏழு மாதத்தில் அவளைத் தொட்டது இதுதான்.

வாசலில் நாற்காலியை நிறுத்தினோம். இரண்டு வருஷத்தில் முதல்முறையாகச் செல்வராணி தெருவைப் பார்த்தாள். அழுவாள் என்று நான் கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன். அவளோ எதிர்த்த வீட்டுப் பெண்ணை மேலும் கீழும் பார்த்து, "அந்தச் சட்டைக்குக் கழுத்து வெட்டினது எந்தக் கடங்காரன்? தோள்ல ரெண்டு விரக்கட துணி சும்மா கெடக்கு" என்று தொடங்கினாள். தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். போகும் வழியில் ஒருத்தி தப்பவில்லை. ஆட்டுக்குப் போட்டிருந்த கயிற்றைக்கூட, முடிச்சு சரியில்லை என்றாள். எப்சிபா சிரித்துச் சிரித்து நாற்காலியைக் கோணலாகத் தள்ளினாள். நானும் சத்தமாகச் சிரித்தேன். தெருவில் நின்று, அறுபத்திரண்டு வயதில்.

வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் அவர் ஞாபகம் வந்தது. சந்தோஷமாக இருந்தது, அதுவே குற்றம் மாதிரியும் இருந்தது.

மார்ச் 12, ஞாயிறு

கோவில் வாசல் வரைக்கும் போனேன். திரும்பிவிட்டேன். செருப்பு வார் அறுந்துவிட்டது.

மார்ச் 16, வியாழன்

செருப்பு வார் அறுந்துபோகவில்லை. சும்மா எழுதினேன்.

இன்று எப்சிபா செல்வராணியின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கமலபாயும் ஐயரம்மாவும் விரிப்பை உதறிக்கொண்டிருந்தார்கள். செல்வராணிக்கு மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாது.

"எப்சியக்கா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காத. அன்னைக்கு சார் சுகமாயிட்டாவன்னு குழாயில வாசிச்சத நான் இங்க கெடந்து கேட்டேன். சந்தோஷத்துல கைதட்டினேன். கொஞ்ச நேரத்துல ஒப்பாரி கேக்கு. நீ ஏங்க்கா அப்படி எழுதின?"

அறையில் எல்லோரும் கையிலிருந்த வேலையை நிறுத்தினார்கள். நான் குனிந்தே இருந்தேன்.

எப்சிபா அடுத்த விரலை எடுத்தாள். "கூறு கெட்டுப் போயி எழுதிட்டேன். விடு" என்றாள்.

"டீச்சர் அப்ப என்ன பாடு பட்டுருப்பாவ!"

"ஆமா" என்றாள் எப்சிபா. "விரல மடக்காத, வெட்டிரப் போவுது."

நான் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் காலுக்கு உணர்வில்லை, எவ்வளவு அழுத்தினாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

மார்ச் 17, வெள்ளி

முதல் பக்கத்தில் எழுதியது பொய். கிழித்துவிட மாட்டேன். கணக்கில் தப்பு வந்தால் தப்பான வழியை அழிக்காமல் ஒரு கோடு போட்டுவிட்டு, கீழே சரியாகச் செய்யுங்கள் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கீழே எழுதுகிறேன்.

ஜூலை பதினைந்து, வெள்ளிக்கிழமை காலை. டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இனி மருந்தால் ஆவதற்கு ஒன்றுமில்லை, இரண்டு மூன்று நாள், வீட்டுக்குக் கொண்டுபோக விருப்பமானால் கொண்டுபோங்கள் என்றார். நிதானமாக, மரியாதையாகத்தான் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வெளியே போய்ச் சக்கர நாற்காலி வாங்கினேன். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டதற்கு, வீட்டுக்காரருக்கு, கொஞ்ச நாளில் நடந்துவிடுவார் என்றேன். பிறகு அறைக்கு வந்து அவரிடமும் அதையே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் எப்சிபா போன் பண்ணினாள். "சாரு எப்படி இருக்காவக்கா?" அவர் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கட்டும் என்று நான் உரக்கச் சொன்னேன்: "நல்லாயிட்டாவ எப்சி. பூரண சுகம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துருவோம்."

அந்தப் பக்கம் அவள் அழுதாள், சந்தோஷத்தில். அவர் கையை அசைத்து, "அப்ப ஸ்தோத்திரம் போடச் சொல்லு" என்றார். நான் சொன்னேன். "அவ பேருலயே போடட்டும், நம்ம ஆளுதான" என்றார். அதையும் சொன்னேன்.

எப்சிபா தானாக எழுதவில்லை. நான் எழுதச் சொன்னேன். வாசித்த வார்த்தைகள்கூட நான் சொன்னவைதான்.

ஞாயிறு அவர் போன பிறகு ஊருக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. பண்ணினால் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. வேனிலிருந்து இறங்கினேன். கோவிலிலிருந்து எல்லோரும் ஓடிவந்தார்கள். கமலபாய் எல்லோர் முன்னாலும் எப்சிபாவைப் பார்த்து, "என்ன காரியம் செஞ்ச நீ?" என்றாள். எப்சிபா என்னைப் பார்த்தாள். நானும் மற்றவர்களைப் போலவே அவளைப் பார்த்தேன்.

அவருடைய பழைய டைரியை இன்றுதான் எடுத்தேன். ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோயிருந்தார். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் "மழை இல்லை" என்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தையும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார். அந்த மாத அட்டவணைப்படி அன்று சபை ஜெபம் எப்சிபாவின் முறை. "மழை," என்று எழுதி இடம் விட்டிருக்கிறார். "பிரசங்கம், ஐயர். ஜெபம், எப்சிபா." அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று ஜெபம் நடக்கவில்லை. அறிவிப்போடு சனம் எழுந்து ஓடிவந்துவிட்டது.

மார்ச் 23, வியாழன்

இன்று நான் முன்னால் நடக்கவில்லை. அவள் வரும்வரை நின்றேன்.

"எட்டு மாசம் ஆகு. ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

எதை என்று அவள் கேட்கவில்லை. கூடையை மறு கைக்கு மாற்றினாள்.

"அன்னைக்கு உங்க மூஞ்சியப் பாத்தேன். சொல்லுவீயன்னு நின்னேன். சொல்லல. சரி, இன்னைக்கு முடியாது, அடக்கம் முடிஞ்சு சொல்லுவாவன்னு நெனச்சேன். அப்புறம் நாப்பதாம் நாள் ஜெபத்துல சொல்லுவாவன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் நெனைக்கிறத விட்டுட்டேன்."

"நீ சொல்லிருக்கலாம்லா."

"சொன்னா? புருஷனப் பறிகொடுத்தவ வீட்டுல போயி, இவதான் பொய் சொன்னான்னு ஊரக் கூட்டவா? சனம் உங்களச் சும்மா விடுமா? எனக்குப் பரவால்ல, தெருத்தெருவா விக்கிறவ, வசவு வாங்கிப் பழக்கம். நீங்க டீச்சர். உங்களுக்குத் தாங்காது."

"என்மேல கோவம் இல்லையாட்டி?"

"கோவம் இல்லாம! தெனமும் உங்கள வைது வைதுதான முறுக்கு சுத்துனேன். நல்லவேள நீங்க வாங்குறத நிறுத்திட்டீய." சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்கு மத்ததெல்லாம் ஒண்ணுமில்லக்கா. செயலாளர் வேல போனா போவட்டும். ஜெபம் பண்ண விடலியே. வீட்டுல தனியா பண்ணுதேன். ஆனா நாலு பேரு கையப் பிடிச்சிட்டு நின்னு பண்ணுறது வேறல்லா."

நடுத்தெருவில் நின்று அழுதேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "வாங்க, தண்ணி ஆறிரும், செல்வராணி காத்துக் கெடப்பா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 26, ஞாயிறு

எனக்கே பயந்து வீட்டில் இருந்தேன். சொல்லிவிட்டால் என்ன ஆகும்? கமலபாய் என்ன சொல்லுவாள், மகள் கோயம்புத்தூரில் கேள்விப்பட்டால் என்ன நினைப்பாள், என்னிடம் படித்தவர்கள் எப்படிப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் வரிசையாக எண்ணிப் பார்த்தேன். எப்சிபா இவை அத்தனையையும் எட்டு மாதமாக அனுபவித்திருக்கிறாள் என்பது கடைசியில்தான் உறைத்தது.

ஏப்ரல் 1, சனி

ஸ்தோத்திர காணிக்கைச் சீட்டை இப்போதெல்லாம் சனிக்கிழமையே கையெழுத்துப் போட்டு ஐயரிடம் கொடுக்க வேண்டும். அந்த ஞாயிறுக்குப் பிறகு வந்த சட்டம். என்னால் வந்தது.

நான் எழுதிக்கொண்டுபோன சீட்டை ஐயர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி வாசித்தார்.

"டீச்சர், எங்கிட்ட சொன்னதே போதும். எப்சிபா அம்மாட்ட நான் பேசுறேன். சங்கத்துலயும் எடுத்துச் சொல்றேன். சபையில வாசிக்கணுமா?"

"குழாயில போனது குழாயிலதான் திரும்பி வரணும், ஐயா."

அவர் சீட்டை மடித்து என் கையிலேயே கொடுத்தார். "அப்ப நீங்களே வாசிங்க" என்றார்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் 2, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. விடிந்ததும் செல்வராணி வீட்டுக்குப் போனேன். கோவிலுக்கு வருகிறேன் என்று அவள் வியாழனே சொல்லியிருந்தாள். எப்சிபா அவளுக்குத் தலை சீவிக் கொண்டிருந்தாள். சீட்டு விஷயத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் தடுத்திருப்பாள். மூணோடு தூக்கினோம். செல்வராணி ஒரு கையில் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எனக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தாள். கோவில் படியில் நான்கு ஆண்கள் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். எல்லோரும் அவளையே பார்த்ததில் நான் உள்ளே வந்ததை முதலில் யாரும் கவனிக்கவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

அறிவிப்பு நேரத்தில் ஐயர் மற்றச் சீட்டுகளை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். எழுந்து போனேன். முப்பத்துமூன்று வருஷம் வகுப்பு எடுத்தவள், மைக் முன்னால் சீட்டைத் தலைகீழாகப் பிரித்துத் திருப்பினேன்.

சீட்டில் இருந்ததை அப்படியே வாசித்தேன். "போன ஜூலை பதினேழாம் தேதி இந்த ஆலயத்தில் என் கணவர் சுகமடைந்ததாக ஒரு காணிக்கை வாசிக்கப்பட்டது. அதை எழுதச் சொன்னது நான். அவர் பிழைக்க மாட்டார் என்று தெரிந்தும் சொன்னேன். பழியை எப்சிபா ஏற்றுக்கொண்டாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தேவனிடமும் அவளிடமும் சபையிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இப்படி ஒரு சகோதரியைக் கொடுத்ததற்காக, ஜோதிமணி மனைவி கிருபாவதி, ஸ்தோத்திர காணிக்கை."

என் குரல் வெளியே குழாயில் போய்த் தெருவில் கேட்டுத் திரும்பி வந்தது. கமலபாய் தலையைக் குனிந்துகொண்டாள். சிலர் பார்த்த பார்வை நான் பயந்த பார்வைதான். அது இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். எப்சிபா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "யாரு உங்கள இதெல்லாம் கேட்டா?" என்றாள்.

ஐயர் மைக்கை வாங்கி, "சபை ஜெபம், எப்சிபா அம்மா" என்றார்.

அவள் அசையவில்லை. நான் அவள் பெஞ்சுக்குப் போய்க் கையைப் பிடித்து எழுப்பினேன். மைக் வரைக்கும் கூடவே போனேன். அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. என் கையை நொறுக்கிவிடுகிற மாதிரி பிடித்திருந்தாள். முறுக்கு சுற்றுகிற கை. முன்வரிசையில் நாற்காலியிலிருந்து செல்வராணி, "சத்தமா எப்சியக்கா! படுக்கையில கெடக்கவங்களுக்கும் கேக்கணும்லா!" என்றாள். கோவிலுக்குள் சிலர் சிரித்துவிட்டார்கள். எப்சிபாவும் அழுகையோடு சிரித்தாள். பிறகு ஜெபம் பண்ணினாள். மைக் தேவைப்படாத குரல் அவளுக்கு.

மத்தியானம் மூன்று பேரும் செல்வராணி வீட்டில் சாப்பிட்டோம். இப்போது வீட்டுக்கு வந்து இரண்டு டைரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பழையதில் ஜூலை பதினேழாம் பக்கத்தில் அவர் விட்ட இடத்தை நிரப்பவில்லை, அது அப்படியே இருக்கட்டும்.

மழை, இல்லை. பிரசங்கம், ஐயர். ஜெபம், எப்சிபா.